இடுப்பின் பின்புற மூட்டுக்கு டைட்டானியம் கம்பி: எப்போது தேவை, எப்போது அவசரம்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, முதுகுத்தண்டு முடிந்து புட்டம் தொடங்கும் அந்த ஒரே இடத்தைப் பற்றியவை. குறுக்கு வலி என்று தொடங்கி, எஸ்.ஐ. ஜாயின்ட் (சாக்ரோ இலியாக் மூட்டு) என்ற பெயரோடு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த இதழ் முழுவதையும் அந்த மூட்டுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது. பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொபெட்டிலிருந்து இடது பக்கமாக விழுந்தேன். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே, இடது புட்டத்தின் மேல்பகுதியில் வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தார்கள். பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், பெல்ட் போட்டேன். ஒரு டாக்டர் குப்புறப் படுக்கச் சொல்லி, விரலால் அழுத்திப் பார்த்து, வலித்த இடத்தில் ஊசி போட்டார். மூன்று வாரம் வலி குறைந்திருந்தது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. இப்போது கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில், டிஸ்க் காரணமல்ல, எஸ்.ஐ. ஜாயின்ட்தான் காரணம், மூன்று டைட்டானியம் கம்பி வைத்து மூட்டை இணைத்துவிடலாம் என்கிறார்கள். "அம்மணி, குறுக்குல மட்டும் கத்தி வெச்சுக்காதே" என்று மாமனார் தடுக்கிறார். எல்லாச் சிகிச்சையும் பார்த்தாகிவிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? - வாசகி, திருப்பூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாமனார் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அந்த அறுவை சிகிச்சைக்கு முன் முடித்திருக்க வேண்டிய இரண்டு வேலைகள் உங்கள் விஷயத்தில் இன்னும் நடக்கவில்லை என்பதற்காக. வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்பது உறுதியாகவில்லை. அறுவை இல்லாத சிகிச்சை என்று நீங்கள் எழுதியிருப்பதில் முக்கியமான பகுதி தொடங்கப்படவே இல்லை.

மூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு, இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் நடுவில், மண்வெட்டிக் காம்பை இறுக்க அடித்த ஆப்பு போலச் செருகிக்கொண்டு நிற்கிறது. அது இருபுறமும் இடுப்பெலும்பைச் சந்திக்கும் இடங்கள்தாம் சாக்ரோ இலியாக் மூட்டுகள். தோள், முழங்கால் போல இவை விரிந்து மடங்குபவை அல்ல. இவற்றின் அசைவு 2 முதல் 4 டிகிரிக்குள், நகர்வு 1 அல்லது 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேலுடம்பின் மொத்தப் பாரத்தையும் கால்களுக்கு இறக்கிவிடுவதே இவற்றின் வேலை. அதற்காக உடலிலேயே மிகவும் உறுதியான தசைநார்கள் சில இவற்றைச் சுற்றி இறுகக் கட்டியிருக்கின்றன. விழுந்த அதிர்ச்சி, பேறுகாலம், இரு கால்களின் நீளத்தில் வேறுபாடு, முன்பு செய்த முதுகெலும்பு அறுவை, மூட்டு அழற்சி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இந்தக் கட்டுமானத்தைத் தொந்தரவு செய்தால் வலி வருகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் நூறு பேரில் ஏறத்தாழ 15 முதல் 30 பேருக்கு இந்த மூட்டே காரணம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதாவது இது அரிதான நோயுமல்ல. எல்லா இடுப்பு வலிக்கும் பொறுப்பாளியுமல்ல.

இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த மூட்டின் மீதான மருத்துவர்களின் நம்பிக்கை கடந்த நூறு ஆண்டுகளில் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் ஸ்மித் பீட்டர்சன் போன்ற அறுவை நிபுணர்கள் இடுப்பு வலிக்கு இந்த மூட்டைத் திறந்து இணைத்தார்கள். 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை விளக்கி எழுதியதும் எல்லோருடைய கவனமும் டிஸ்க் பக்கம் திரும்பியது. இந்த மூட்டு பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டது. சிறிய துளை வழியாகப் பொருத்தும் டைட்டானியம் கம்பிகளுக்கு 2008இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்த பிறகு, மூட்டு மறுபடியும் பேசப்படுகிறது. கருவி கைக்கு வந்ததும் நோயும் அதிகமாகக் கண்ணில் படுவது மருத்துவத்தில் புதிதல்ல. உங்களைப் போன்றவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது நல்லது.

உங்கள் ஸ்கேனில் எழுதியிருக்கும் டிஸ்க் பிதுக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதினரிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. அதே அளவுகோலால் சொல்வதானால், ஸ்கேன் எஸ்.ஐ. மூட்டைப் பற்றியும் அதிகம் சொல்வதில்லை. அழற்சி, கிருமித் தொற்று, எலும்பு முறிவு, கட்டி ஆகியவற்றை விலக்குவதற்கு அது உதவும். விழுந்ததாலோ தேய்ந்ததாலோ வரும் வலியை உறுதிப்படுத்த உதவாது.

அதை உறுதிப்படுத்துவது விரலும் கையும்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்டதும், கையை இடுப்பு முழுக்கத் தடவிக் காட்டாமல், இடுப்பின் பின்புறக் குழிக்குச் சற்றுக் கீழே ஒற்றை விரலை வைத்து "இங்கேதான்" என்று காட்டுகிறவருக்கு இந்த மூட்டைச் சந்தேகிக்கிறோம். படுக்கையில் புரளும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும், டவுன் பஸ் படியில் அந்தக் காலை ஊன்றி ஏறும்போதும் சுருக்கென்று வலிப்பது, ஒரு புட்டத்தைத் தூக்கி மறு பக்கம் சாய்ந்து உட்காரத் தோன்றுவது ஆகியவையும் குறிப்புகள். வலி தொடையின் பின்புறமும் இடுக்கிலும் பரவலாம். பிறகு மருத்துவர் மேசையில் படுக்க வைத்துச் சில சோதனைகள் செய்ய வேண்டும்: தொடையைச் செங்குத்தாக மடக்கி முழங்காலிலிருந்து கீழ்நோக்கி அழுத்துவது, இடுப்பெலும்பின் முன்முனைகளை விரித்து அழுத்துவது, ஒருக்களிக்க வைத்து மேலிருந்து அழுத்துவது, குப்புறப் படுக்க வைத்து முக்கோண எலும்பின் நடுவில் அழுத்துவது, ஒரு காலை மார்போடு மடக்கி மறு காலை மேசைக்கு வெளியே தொங்கவிடுவது. இவற்றில் குறைந்தது மூன்றில், வேறு ஏதோ ஒரு வலி அல்ல, உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலி வந்தால் சந்தேகம் வலுவாகிறது. ஒன்றில் மட்டும் வந்தால் அதற்குப் பொருள் இல்லை. பத்து நிமிட வேலைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் இது நடந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

அடுத்தது ஊசி. நீங்கள் போட்டுக்கொண்டதைச் சோதனை ஊசியாகக் கணக்கில் எடுக்க முடியாது. சி-ஆர்ம் எக்ஸ்ரேவோ சி.டி. ஸ்கேனோ பார்க்காமல் விரலால் தடவிப் போடும் ஊசி ஐந்தில் ஒரு முறை அளவுக்குத்தான் மூட்டுக்குள் போய்ச் சேர்கிறது. மற்றவை அருகிலிருக்கும் தசைநாரிலும் தசையிலும் தங்கிவிடுகின்றன. மேலும் மூன்று வாரம் நன்றாக இருந்தது என்பது ஸ்டீராய்டு மருந்தின் வேலை. அது எங்கே வீக்கம் இருந்தாலும் குறைக்கும். நமக்குத் தெரிய வேண்டியது முதல் சில மணி நேரத்தில் நடப்பது. படம் பார்த்துக்கொண்டே மரத்துப்போகும் மருந்தை மூட்டுக்குள் செலுத்தியதும், ஒரு தாளில் அரை மணிக்கு ஒரு முறை வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். சும்மா படுத்திருந்து எழுதினால் பயனில்லை. வழக்கமாக எது வலிக்குமோ அதைச் செய்து பார்க்க வேண்டும். மருத்துவமனைப் படிக்கட்டில் இடது காலை ஊன்றி ஏறுங்கள், பத்து நிமிடம் கடினமான பெஞ்சில் உட்கார்ந்து எழுங்கள். வலி பாதிக்கு மேல், முடிந்தால் முக்கால் பங்கு, போயிருந்தால்தான் மூட்டு குற்றவாளி. அறுவை வரை யோசிப்பவர்களுக்கு இதை இன்னொரு நாளும் செய்து, அதே விடை வருகிறதா என்று பார்ப்பது முறை. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், ஸ்டீராய்டு கலந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, "எல்லாச் சிகிச்சையும் பார்த்தாகிவிட்டது" என்ற வரி. இந்த வரியை நான் தினமும் கேட்கிறேன். பெரும்பாலும் அதன் பொருள் கரண்ட், வெந்நீர் ஒத்தடம், பெல்ட், மாத்திரை என்பதுதான். கரண்ட் வைப்பது அன்றைய வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். மூட்டைத் தாங்கும் தசைகளுக்கு அதனால் வலிமை வராது. வேண்டியது புட்டத்துத் தசைகளுக்கும் அடிவயிற்றின் உள்தசைக்கும் முதுகின் சிறு தசைகளுக்குமான பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மெதுவாக உயர்த்தி இறக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் குதிகால்களைப் பிரிக்காமல் மேல் முழங்காலைத் திறப்பது, கையையும் முழங்காலையும் ஊன்றி ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது என்று தொடங்கி, எடையோடு செய்யும் நிலை வரை படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்குக் குறைந்தது 12 வாரங்கள் ஆகும். முதல் இரண்டு வாரங்களில் வலி சற்றுக் கூடலாம். பலர் நிறுத்திவிடுவது அந்த இடத்தில்தான். பிசியோதெரபிஸ்டிடம் வாரம் ஒரு முறை போய்த் திருத்திக்கொண்டு, மற்ற நாட்களில் வீட்டுத் தரையில் பாய் விரித்துச் செய்தால் போதும்.

பெல்ட் எங்கே போட்டீர்கள் என்று எழுதவில்லை. முதுகு வலிக்கு விற்கும் அகலமான பெல்ட்டை இடுப்பு மடிப்பில் போட்டிருந்தால் இந்த மூட்டுக்கு அதனால் பயனில்லை. குறுகலான எஸ்.ஐ. பெல்ட், இடுப்பெலும்பின் முன்முனைக்குக் கீழே, தொடை எலும்பின் பக்கவாட்டு முண்டுக்குச் சற்று மேலே வர வேண்டும். வேலை நேரத்தில் போட்டு, படுக்கும்போது கழற்றிவிடலாம்.

உங்கள் தொழிலையும் விட்டுவிட முடியாது. பவர் மெஷினில் ஒரே கால் பெடலை மிதிக்க, மறு கால் சும்மா ஊன்றியிருக்க, இடுப்பு ஒரு பக்கம் முறுக்கியபடி பல மணி நேரம் கழிகிறது. சாய்மானமில்லாத ஸ்டூல் என்றால் இன்னும் மோசம். பெடலை நடுவுக்கு நகர்த்தித் தரும்படி மெக்கானிக்கைக் கேளுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயராத அளவுக்கு இருக்கையை ஏற்றுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டு எடுக்கும் சாக்கிலாவது எழுந்து நடங்கள். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று மாதத்துக்காவது ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைத்துக்கொள்ளாமல் எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

இவை எல்லாம் முறையாக ஆறு மாதம் நடந்தும் வலி உங்களைப் படுக்கையில் தள்ளுகிறது என்றால் அறுவையைப் பேசலாம். அது எப்படிப்பட்டது? மயக்க மருந்து கொடுத்து, புட்டத்தின் பக்கவாட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறி, எக்ஸ்ரே பார்த்தபடி, இடுப்பெலும்பிலிருந்து மூட்டைக் கடந்து முக்கோண எலும்புக்குள் வழக்கமாக மூன்று டைட்டானியம் கம்பிகளைச் செலுத்துகிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. பழைய திறந்த அறுவையைவிட இரத்த இழப்பு மிகவும் குறைவு. சில வாரங்கள் ஊன்றுகோலோடு, அந்தக் காலில் முழு எடையைப் போடாமல் நடக்க வேண்டும். கம்பி தவறிப்போய் நரம்பு வேரில் உரசினால் காலுக்குள் மின்னல் போல வலி இறங்கும், மறுபடி திறக்க வேண்டி வரும். இரத்தக் குழாய்க் காயம், கிருமித் தொற்று, எலும்பு சேராமல் கம்பி தளர்வது ஆகியவையும் உண்டு. இவை நூற்றில் சிலருக்கு மட்டுமே நேர்பவை, ஆனாலும் நேர்பவை.

பலன் எவ்வளவு என்பதில்தான் விஷயம் சுவாரசியமானது. அமெரிக்காவில் 148 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் கம்பி வைத்தவர்களில் பத்துக்கு எட்டு பேர் தேறியதாகவும், அறுவை இல்லாத சிகிச்சை பெற்றவர்களில் நான்கில் ஒருவர் மட்டுமே தேறியதாகவும் முடிவு வந்தது. மருத்துவமனைகளில் காட்டப்படும் விளக்கப் படங்களில் இருப்பது பெரும்பாலும் இந்த எண்கள்தாம். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கம்பியைத் தயாரிக்கும் நிறுவனம். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிகளுக்கும் தெரியும். எதிரணியில் இருந்தவர்களோ அறுவை இல்லாத சிகிச்சையில் ஏற்கெனவே பலன் காணாதவர்கள். நார்வேயிலும் சுவீடனிலும் 63 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. எல்லோருக்கும் மயக்க மருந்து கொடுத்து, எல்லோருக்கும் தோலைக் கீறினார்கள். பாதிப் பேருக்கு மட்டும் கம்பி வைத்தார்கள். யாருக்குக் கம்பி இருக்கிறது என்பது நோயாளிகளுக்குச் சொல்லப்படவில்லை. ஆறு மாதம் கழித்து இரு தரப்பிலும் வலி குறைந்திருந்தது. இரு தரப்புக்கும் இடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இதிலிருந்து அறுவை பயனற்றது என்று நான் முடிவு கட்டவில்லை. 63 பேர் சிறிய எண்ணிக்கை. ஆறு மாதம் சிறிய காலம். சரியாகத் தேர்ந்தெடுத்த சிலர் இந்த அறுவைக்குப் பின் வேலைக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் "பத்துக்கு எட்டு" என்ற எண்ணை உங்களிடம் யாராவது தயக்கமின்றிச் சொன்னால், மற்றதையும் அவருக்கு நினைவூட்டலாம்.

அந்த மருத்துவரிடம் திரும்பப் போகும்போது கேளுங்கள்: எத்தனை சோதனைகளில் என்னுடைய வலி வந்தது, சி-ஆர்ம் பார்த்து ஊசி போட்டுப் பார்க்கலாமா, இந்த அறுவையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேரை மறுபடி திறக்க வேண்டியிருந்தது, ஓராண்டு கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருந்தாலும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனி அனுமதி உண்டு. பதிவு செய்த மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் உறுதி வாங்கிய பிறகே நாள் குறியுங்கள். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தால் அந்த வழியையும் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. ஓராண்டாக இடுப்பின் பின்புறம், சில நாள் வலது, சில நாள் இடது என்று மாறி மாறி வலிக்கிறது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் குனியவே முடிவதில்லை. தோட்டத்தில் நடமாடத் தொடங்கினால் சரியாகிவிடுகிறது. நாங்கள் மாடு வளர்க்கிறோம், பால் கறப்பது அவன்தான். இரண்டு மூட்டும் கெட்டுவிட்டது என்று ஸ்கேனில் சொல்கிறார்கள். அறுவை செய்தால் சரியாகுமா? - தாய், காங்கயம் பகுதி

பதில்: அம்மா, உங்கள் மகனுக்கு அறுவை என்ற பேச்சே வேண்டாம். முந்தைய கேள்வியில் சொன்ன வலியும் இதுவும் ஒரே மூட்டில் வந்தாலும் வேறு நோய்கள். ஓய்வில் கூடுவதும் நடமாட்டத்தில் குறைவதும், காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடிப்பதும், பக்கம் மாறுவதும், இளம் வயதும் சேர்ந்தால் அழற்சியைத்தான் நினைக்க வேண்டும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் வாதநோய் இப்படித்தான் தொடங்கும். கண் சிவந்து வலித்ததுண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது சோரியாசிஸ் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். எச்.எல்.ஏ. பி-27 இரத்தப் பரிசோதனையை அவர் சொல்லக்கூடும். அது பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்று ஆகிவிடாது, மற்ற அறிகுறிகளோடு சேர்த்துத்தான் பொருள். வீக்கம் தணிக்கும் மாத்திரையை முறையான அளவில் தொடர்ந்து எடுப்பதும், தினசரிப் பயிற்சியும் முதல் படி. அதில் அடங்காவிட்டால், அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள் உள்ளன. அவற்றைத் தொடங்கும் முன் உடலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

நீங்கள் மாடு வளர்ப்பதாக எழுதியதால் இன்னொன்றையும் சொல்கிறேன், மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள். புருசெல்லா என்ற கிருமி மாட்டிலிருந்து மனிதருக்கு வரும். காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும், கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் அப்புறப்படுத்துவதாலும் தொற்றும். அது விரும்பித் தங்கும் இடங்களில் இந்த மூட்டும் ஒன்று. மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு இருந்தால் சந்தேகம் கூடும். காசநோயும் இதே மூட்டில் தங்கக்கூடியது. அது பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் தாக்கும். புருசெல்லாவுக்கு இரண்டு வகை ஆன்டிபயாடிக் சேர்த்துக் குறைந்தது 6 வாரம், எலும்பில் இருந்தால் அதற்கும் மேல் கொடுக்க வேண்டும். தொற்றை அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டோ பயாலஜிக்கோ கொடுத்தால் நிலைமை மோசமாகும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

கேள்வி: லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். வயது 61. நான்கு ஆண்டுகளுக்கு முன் முதுகின் அடி எலும்புகளை ஸ்குரூ போட்டு இணைத்தார்கள். கால் வலி போய்விட்டது. இப்போது அதற்குக் கீழே, புட்டத்தின் மேலே புது வலி. பழைய ஆபரேஷன் தோற்றுவிட்டதா? - வாசகர், நாமக்கல்

பதில்: ஐயா, கால் வலி போய்த் திரும்பவில்லை என்றால் அந்த அறுவை தன் வேலையைச் செய்திருக்கிறது. அசைந்துகொண்டிருந்த எலும்புகளை இணைத்ததும் அங்கே தாங்கப்பட்ட விசை அடுத்த மூட்டுக்கு இறங்குகிறது. இணைப்பு முக்கோண எலும்பு வரை போயிருந்தால், அடுத்த மூட்டு எஸ்.ஐ. மூட்டுதான். ஆனால் உங்கள் வயதிலும் வரலாற்றிலும் முதலில் விலக்க வேண்டியவை வேறு சில. ஸ்குரூ தளர்ந்திருக்கிறதா, எலும்பு சேராமல் நின்றிருக்கிறதா என்பதைச் சி.டி. ஸ்கேன் சொல்லும். ஒட்டு எலும்பை இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து எடுத்திருந்தால் எடுத்த இடமே வலிக்கலாம். எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி அளவும் பாருங்கள். எலும்பு மெலிந்தவர்களுக்கு முக்கோண எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்து, இதே இடத்தில் வலிக்கும். அவை இல்லை என்றான பிறகு, திருப்பூர் வாசகிக்குச் சொன்ன அதே வரிசை உங்களுக்கும் பொருந்தும். முதுகு அறுவைக்குப் பின் வரும் எஸ்.ஐ. வலியில், ஊசிச் சோதனை தெளிவாக இருந்தால், மூட்டை இணைப்பதற்கு நான் சற்றுத் தாராளமாகச் சம்மதிப்பேன். பீடி, சிகரெட் இருந்தால் அதற்கு முன் விட்டுவிட வேண்டும். புகையிலை எலும்பு சேர்வதைத் தடுக்கிறது.

கேள்வி: இடுப்பு நரம்பைச் சூடு வைத்து அணைத்தால் வலி போய்விடும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடாதா? - ஓய்வு பெற்ற ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: போகாது. ரேடியோ பிரீக்வென்சி என்ற இந்த முறையில் சுடப்படுபவை, மூட்டிலிருந்து வலிச் செய்தியை மட்டும் எடுத்துச் செல்லும் நுண்கிளைகள். காலை அசைக்கும் நரம்புகள் வேறு பாதையில் போகின்றன. சூடேற்றும் முன் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, கால் துடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டுதான் செய்கிறார்கள். பலன் கிடைத்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கும். நரம்பு மறுபடி வளர்ந்ததும் வலி திரும்பலாம், திரும்பச் செய்யவும் செய்யலாம். நெதர்லாந்தில் நடத்தி 2017இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடப் பயிற்சியோடு இதையும் செய்துகொண்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இல்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த முறை தளர்வானது என்று அந்த ஆய்வின் மீது விமர்சனமும் உண்டு. மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய முடியாத இதய நோயாளிகளுக்கும், பயிற்சி தொடங்க முடியாத அளவுக்கு வலி உள்ளவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்கிறேன். வலி தணிந்திருக்கும் அந்த மாதங்களில் பயிற்சியைச் செய்யாமல் விட்டால் பணம் வீண்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். எழுந்தால், திரும்பினால் இடுப்பின் பின்னால் வலிக்கிறது என்கிறாள். ஊரில் சுளுக்கு வழிப்பவர், மூட்டு விலகியிருக்கிறது, தட்டி உட்கார வைத்தால் சரியாகும் என்கிறார். போகலாமா? - தாய், உடுமலைப்பேட்டை

பதில்: போக வேண்டாம். பேறுகாலத்தில் தசைநார்கள் தளர்வதால் வரும் வலி இது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். மூட்டு விலகவில்லை, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அசையாத மூட்டை யாரும் தட்டி உட்கார வைக்க முடியாது. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தசைநாரை இழுத்து முறுக்கினால் வலிதான் கூடும். எஸ்.ஐ. பெல்ட் போடட்டும். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கட்டும். குழந்தையை ஒரே பக்க இடுப்பில் வைக்கும் பழக்கத்தைத் தொடங்காமல் இருக்கட்டும். தாய்ப்பால் கொடுப்பதால் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள். காய்ச்சல் இருந்தாலோ, காலில் உணர்வு குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எஸ்.ஐ. மூட்டு வலிக்கு நான்கு மாதமாகப் பயிற்சி செய்து நன்றாக இருக்கிறேன். வருகிற தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா? - வாசகி, ஈரோடு

பதில்: போகலாம், இன்று முதல் தயாரானால். தினமும் நடக்கும் தூரத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பழகிய செருப்பையோ ஷூவையோ போட்டு நடங்கள். தார் ரோட்டின் ஓரச் சரிவில் நாள் முழுக்க ஒரே பக்கம் நடந்தால் ஒரு கால் தாழ்ந்தே ஊன்றும், ஆகவே சமதளத்தைத் தேர்ந்தெடுங்கள். பெல்ட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பையை ஒரு தோளில் தொங்கவிடாமல் இரு தோளிலும் மாட்டுங்கள். வலிக்கு டைக்ளோபினாக் ஊசியைப் போட்டுக்கொண்டு மேலே நடப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்; வெயிலில் உடல் நீர் வற்றியிருக்கும்போது அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலையில் படிப்பாதையைவிட யானைப்பாதை உங்களுக்கு எளிது. இறங்கும்போது கூட்டம் அனுமதித்தால் வின்ச்சில் வந்துவிடுங்கள். படி இறங்குவதும் இந்த மூட்டுக்கு வேலைதான்.